இரண்டு ஈயம்

என் பழைய ஈயச்சொம்பு அடுப்பிலேயே உருகிப் போனது. புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, விடுதியிலிருந்து மகன் கூப்பிட்டானென்று கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பர்னர் மேல் வெள்ளியைக் காய்ச்சி ஊற்றியதுபோல் வழிந்து கிடந்தது.

அந்த வாரம் பத்தாம் வகுப்பில் உலோகங்களின் பண்புகள் நடத்திக்கொண்டிருந்தேன். உலோகங்களுக்குப் பொதுவாக உருகுநிலை அதிகம், ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை என்பதற்கு என் அடுப்பையே உதாரணமாகச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ரசம் போச்சா மிஸ்?"

"ரசமும் போச்சு, சொம்பும் போச்சு. வீட்ல சார் மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்காரு."

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரைப் பக்கமாக இருக்கிறது எங்கள் பள்ளி. பாதிப் பிள்ளைகள் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், மீதிப் பேர் மீன்பிடிக் குடும்பங்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, வீட்டுக்குப் போய் இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். பொதுத்தேர்வில் அறிவியலில் அவள்தான் பள்ளியிலேயே முதல். முடிவு வந்த மறுவாரம் அவளுடைய அப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வலைகளுக்கு ஈயக்குண்டு ஊற்றிக் கொடுப்பது அவர் தொழில். வலையின் அடிக்கயிற்றில் வரிசையாகக் கோத்து, வலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போக வைக்கிற குண்டுகள். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் வைத்திருந்தார்.

"பாப்பா சொல்லுச்சு டீச்சர், உங்க ஈயச்சொம்பு உருகிடுச்சுன்னு. நானே தட்டுனது. வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பிரித்துப் பார்த்தேன். பளபளவென்று ஒரு சொம்பு. தகட்டை ஓர் எவர்சில்வர் சொம்பின் மேல் போர்த்தி, மரச்சுத்தியால் தட்டித் தட்டியே அந்த வளைவைக் கொண்டுவந்திருக்கிறார். சுத்தியின் தடம் மீன் செதில்போல் சுற்றிலும் தெரிந்தது. மாணவர் வீட்டிலிருந்து எதையும் வாங்குவதில்லை என்று வைத்திருந்தவள் நான். தயங்கி நின்றேன். என் கணவர் உள்ளேயிருந்து வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அடேங்கப்பா, என்னா கனம்!"

"ஈயமாச்சே சார்," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

"அவரே ஆசையா செஞ்சிட்டு வந்திருக்காரு. வாங்கிக்கோ," என்றார் என் கணவர். வாங்கிக்கொண்டேன்.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளீயம். ரசம் வைக்கிற சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்பக்கம் பூசுவதும் அதுதான். இன்னொன்று காரீயம். பேட்டரிக்குள் இருப்பதும் வலைக்குண்டு ஆவதும் அது. முன்னது சோற்றோடு சேரலாம். பின்னது உடம்புக்குள் போகவே கூடாது. ஒவ்வோர் ஆண்டும் இதைக் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு எழுதி நடத்தியவள் நான். வலைக்குண்டு ஊற்றுகிற மனிதர் தன் கையால் தட்டிக் கொண்டுவந்த சொம்பு எந்த ஈயமாக இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஈயம். என் அடுப்பில் உருகியதும் ஈயம்.

மறுநாளிலிருந்து அந்தச் சொம்பில் தினமும் ரசம்.

என் கணவருக்கு உப்பு லாரிகளின் எடைமேடையில் வேலை. லாரி மேடை ஏறியதும் எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் போனால் மாலைதான் வருவார். ரசம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டோடு தனியாக ஒரு பிளாஸ்க்கில் ரசம் கொண்டுபோவார். வேலைக்கு நடுவில் டீ மாதிரி ஊற்றிக் குடிப்பார். எனக்குப் புளி ஆகாது, வாய் வெந்துவிடும். நான் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

"இந்தச் சொம்புல வச்சா ரசத்துக்கே ஒரு தனி ருசி வருது," என்று முதல் மாதமே சொன்னார். "லேசா ஒரு இனிப்பு. வெல்லம் போட்டியா?"

"இல்லையே."

"அப்ப தக்காளி நல்ல தக்காளி."

சொம்பு அடுத்த நாளே மங்கிவிடும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், மறுநாள் மறுபடி சாம்பல் நிறம். நான் அதை உப்புக்காற்றின் தலையில் போட்டேன். எங்கள் ஊரில் எல்லாக் குற்றத்தையும் உப்புக்காற்றின் தலையில்தான் போடுவோம். வாங்கி ஒரு வருஷம் ஆகாத மின்விசிறியின் இறக்கையில் துரு பூக்கும். கதவுக் கீல் கையோடு வரும். பள்ளியின் இரும்புப் படிக்கட்டில் பிள்ளைகள் ஓடினால் செதில் செதிலாக உதிரும். உலோகம் எதுவும் முழுசாக நிற்காத ஊரில் ஒரு சொம்பு கறுத்தால் யார் யோசிப்பார்கள்? ஒரு நாள் மறுபடியும் அதே போல் வெறும் சொம்பை அடுப்பில் விட்டுவிட்டேன். பதறிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால் அது அப்படியே இருந்தது. பழையதைவிட இது கெட்டி என்று பெருமையாக இருந்தது எனக்கு. வெள்ளீயத்தைவிடக் காரீயத்துக்கு உருகுநிலை அதிகம். அந்த அட்டவணையும் எனக்கு மனப்பாடம்.

நான்கைந்து மாதத்தில் அவருக்கு மலச்சிக்கல் வந்தது. பிறகு வயிற்றைப் பிசைகிற வலி. எடைமேடை அறையில் பெஞ்சில் சுருண்டு படுத்துக்கொள்வாராம். வாயு என்றார்கள், அல்சர் என்றார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் ஒன்றுமில்லை. வலி வந்தால் சோறு வேண்டாம் என்பார், ரசம் மட்டும் கேட்பார். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் இன்னும் கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டுச் சுடச்சுடக் கொடுத்தேன்.

அதன் பிறகு முகம் வெளுத்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். இருபது வருஷத்தில் என்னை ஒரு சொல் சொல்லாத மனிதர், சட்டையில் பட்டன் இல்லையென்று தட்டைத் தூக்கி எறிந்தார். எறிந்துவிட்டு, ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரியாதவர்போல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். லாரி எண்ணை மாற்றி எழுதிவிட்டார் என்று இரண்டு முறை முதலாளி ஆள் அனுப்பினார். ஒரு நாள் காலையில் அவர் பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஈறும் பல்லும் சேரும் இடத்தில், பென்சிலால் மெல்ல வரைந்ததுபோல் ஒரு கருநீலக் கோடு.

"என்னங்க இது?"

"எதுன்னா அழுக்கு படிஞ்சிருக்கும். விடு."

விட்டேன்.

கடைசியாகக் கை. டம்ளர் நழுவியது. பேனா நழுவியது. வலது மணிக்கட்டைத் தூக்க முயன்றால் கை கீழேயே தொங்கியது. சீட்டு எழுத முடியாமல் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். நரம்பு மருத்துவரைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வரும் திங்கட்கிழமை போவதென்று முடிவு செய்தோம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்த வருஷத்துப் பத்தாம் வகுப்புக்கு நான் மறுபடியும் உலோகங்கள் பாடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஆளுக்கொரு உலோகப் பொருள் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். செப்புக் கம்பி, இரும்பு ஆணி, அலுமினியத் தட்டு, பித்தளை மணி, ஒருத்தியின் வெள்ளிக் கொலுசு, ஒருவன் கொண்டுவந்த வலைக்குண்டு எல்லாம் மேசை மேல் வந்து சேர்ந்தன. நான் என் பங்குக்கு ஈயச்சொம்பைக் கொண்டுபோயிருந்தேன். காலையில் வைத்த ரசத்தை பிளாஸ்க்கில் ஊற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனது. வெள்ளீயத்தையும் காரீயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுவது என் எண்ணம்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். "முதல்ல வலைக்குண்டைத் தேய். காரீயம் ரொம்ப மெது, தாள்ல கோடு விழும். அப்புறம் சொம்பைத் தேய். வெள்ளீயம் அப்படிக் கோடு போடாது."

அவள் குண்டை இழுத்தாள். அழகான சாம்பல் கோடு. சொம்பின் விளிம்பைச் சாய்த்து அதன் கீழே இழுத்தாள்.

"மிஸ், இதுவும் போடுது."

"குண்டோட பொடி ஒட்டியிருக்கும். வேற தாள் எடு. சொம்பை நல்லாத் துடைச்சிட்டு இன்னொரு பக்கம் தேய்."

அவள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு இழுத்தாள். பிறகு தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினாள். "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள், பரிசோதனை தப்பிப் போனால் சிரிப்பார்களே, அந்த மாதிரி. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த தாளை நானே எடுத்து நானே இழுத்தேன். கோடு விழுந்தது. சொம்பைத் தூக்கிக் கையில் வைத்தபோது, ஒரு வருஷமாகத் தினமும் தூக்கிய அந்தக் கனம் முதல் முறையாக என் கைக்கு உறைத்தது. மணி அடிக்கிறவரைக்கும் மீதிப் பாடத்தை நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று இன்றைக்கு வரை நினைவில்லை.

மதிய இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்து தராசில் வைத்தேன். தொள்ளாயிரத்து முப்பது கிராம். ஒரு வாளியை விளிம்பு வரை நிரப்பி, கீழே தட்டு வைத்து, சொம்பை முழுக்க முக்கினேன். வழிந்த தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றினேன். எண்பத்து மூன்று மில்லிலிட்டர். வகுக்க வேண்டியதில்லை, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வெள்ளீயமாக இருந்தால் நூற்று இருபதுக்கு மேல் வழிந்திருக்க வேண்டும். இருந்தாலும் தாளில் எழுதி வகுத்தேன். பதினொன்று புள்ளி இரண்டு. தட்டிலேயே கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்குமோ என்று மறுபடி முக்கினேன். அதே எண்பத்து மூன்று.

எடைமேடைக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தார்.

"பிளாஸ்க்ல இருக்கிற ரசத்தைக் குடிக்காதீங்க."

"ஏன், கெட்டுப் போச்சா?"

"குடிக்காதீங்க, அவ்வளவுதான்."

"அப்பவே குடிச்சிட்டேனே," என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு."

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பணியில் இருந்த பெண் மருத்துவர் அவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறார்? பேட்டரி கம்பெனியா, பெயிண்ட்டா?" என்று கேட்டார். நான் பையிலிருந்து சொம்பை எடுத்து மேசை மேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கணவரின் கீழுதட்டைப் பிதுக்கி விளக்கடித்துப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா இந்தக் கோட்டை யாருமே பாக்கலையா?"

"பாத்தேன்," என்றேன். "நான் பாத்தேன்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"டீச்சர். கெமிஸ்ட்ரி."

அவர் சீட்டை இழுத்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர நாட்கள் ஆயின. இருக்கக்கூடிய அளவைப்போலப் பல மடங்கு இருந்தது. உள்ளே சேர்த்துக்கொண்டு மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே கொண்டுபோகிற மருந்து. என் ரத்தத்தையும் பார்த்தார்கள். இருந்தது, ஆனால் கொஞ்சம். விடுமுறைக்கு மட்டும் வந்து போகிற மகனுக்கு அதைவிடக் குறைவு. படுக்கையில் கிடந்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அவர், "வேணும்னா செஞ்ச?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் தட்டை எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஒரு சனிக்கிழமை அந்தக் குண்டு ஊற்றுகிறவர் வீட்டுக்குப் போனேன். உப்பளப் பாத்திகள் முடிகிற இடத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால், சமையல் செய்கிற அதே கூரையின் கீழ், இன்னொரு அடுப்பில் இரும்புச் சட்டியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. மேலே ஆடைபோல் சாம்பல் படர, அதை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தது அவருடைய மகள், என் பழைய மாணவி. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சுவரோரம் உடைத்த பேட்டரிப் பெட்டிகள். தரை, சுவர், கயிற்றில் காய்ந்த துணி எல்லாவற்றிலும் மெல்லிய ஒரு சாம்பல் தூசி.

"வாங்க மிஸ்!" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவள் அம்மா டீ போட எழுந்தார். வேண்டாம் என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "ஈயம்தானே டீச்சர்?" என்றார். "ஈயச்சொம்புன்னா ஈயத்துலதானே தட்டுவாங்க?"

"அது வேற ஈயம். இது வேற."

"ஈயத்துல என்னா வேற?" அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் நடத்திய பாடம்தான்.

"உங்களுக்கு வயித்து வலி வருமா?" என்று கேட்டேன்.

"எனக்கா? அது கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து இருக்குது. இந்தத் தொழில் பண்றவன்ல யாருக்கு டீச்சர் இல்ல?" சொல்லிவிட்டுச் சட்டியைப் பார்த்தார். பிறகு, சின்னக் குரலில், "டீச்சர், இன்னும் ஆறு தட்டிக் குடுத்திருக்கேன்," என்றார்.

"யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு. டீச்சர் வீட்லயே இதுலதான் ரசம் வைக்கிறாங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

நானே எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

அன்றைக்கே கிளம்பினோம். அவர் தன் வண்டியில் முன்னால் போக, மகளை என் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நான் தொடர்ந்தேன். இரண்டு சொம்பு அவர் தெருவிலேயே, சொந்தக்காரர்கள் வீட்டில். இரண்டிலும் தினமும் ரசம். கூனிமேட்டில் வலை வியாபாரி ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தது, ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே இருந்தது. "அல்லா காப்பாத்திட்டான், இன்னும் கழுவக்கூட இல்லீங்க," என்று அந்த வீட்டம்மா எடுத்துக் கொடுத்தார். குயிலாப்பாளையத்தில் ஒரு தங்கும் விடுதிச் சமையல்காரி வாங்கியிருந்தது, வரவேற்பு மேசையில் பூச்செண்டு தாங்கி நின்றது. ஒவ்வொன்றையும் வாங்கிய இடத்திலேயே கவிழ்த்து வைத்து, அவர் ஆணியால் அடியில் ஓட்டை போட்டார். வெண்ணெயில் இறங்குவதுபோல் ஆணி இறங்கியது. இரண்டு சொம்பு யாரும் புழங்காமல் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருந்தது.

கிளியனூரில் அவருடைய தங்கை மகளுக்குச் சீராக வைத்தது. மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"சீர் வச்ச பாத்திரத்தைத் திருப்பிக் கேக்கறீங்களே, இது நல்லா இருக்குதா? அபசகுனமா இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் முன்னால் போய் எடுத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அந்த மருமகள் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். புடவையை இடுப்பில் செருகியிருந்த விதத்தில் வயிறு தெரிந்தது. ஐந்து மாதம்.

"என்ன மாமா?" என்றாள். "ரசச்சொம்பா?"

"நீ அதுல ரசம் வைக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

"தினமும் வைப்பேன் டீச்சர். எனக்கு வேற எதுவும் வயித்துல நிக்க மாட்டேங்குது. ரசம் ஒண்ணுதான்."

மாமியார் வாசலை விட்டு விலகினார். உள்ளே போய், பாதி ரசத்தோடு இருந்த சொம்பைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தார். செந்நிறத் தண்ணீர் கோலத்தின் மேல் ஓடியது. குண்டு ஊற்றுகிறவர் ஆணியை எடுத்தார். அடி இரண்டு முறை தவறியது. மகள் அவரிடமிருந்து ஆணியையும் கல்லையும் வாங்கி, தானே அடித்தாள்.

ஆறாவது சொம்பு கிடைக்கவில்லை. மரக்காணம் சந்தையில் அவர் குண்டு விற்க உட்கார்ந்திருந்த ஒரு நாளில், காரில் வந்த யாரோ ஒரு தம்பதி இறங்கிப் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வண்டி எண் தெரியாது. எந்த ஊர் என்று தெரியாது. "அந்தம்மா கேட்டாங்க, இதுல ரசம் வைக்கலாமான்னு. தாராளமா வைங்கன்னு சொன்னேன்," என்றார். சந்தையில் பக்கத்துக் கடைக்காரர்களிடம் விசாரித்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீக்கடைகளில் தாள் ஒட்டினேன், படத்தோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். யாரும் கூப்பிடவில்லை. எங்கோ ஒரு வீட்டில் யாருக்கோ வயிறு வலிக்கிறது, ரசம் கேட்கிறார், சுடச்சுடக் கொடுக்கிறார்கள். சமையல் செய்யும்போது இது எனக்கு வராத நாள் இல்லை.

சொம்பு புழங்கிய எல்லார் வீட்டிலும் ரத்தம் கொடுக்க வைத்தேன். குண்டு ஊற்றுகிறவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகம், என் கணவரைவிடவும். அவருக்கு அடுத்து அவருடைய மகள். அவர் மருந்து எடுத்துக்கொண்டார். பேட்டரி உடைப்பதையும் உருக்குவதையும் வீட்டிலிருந்து தூக்கி, பாத்திகளுக்கு அப்பால் ஒரு மேட்டில் தகரக்கொட்டகை போட்டு வைத்துக்கொண்டார். தொழிலை விடவில்லை. "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் டீச்சர். கடலுக்குப் போறவன் குண்டு இல்லாம எப்படி வலை விடுவான்?" முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். மூக்குக்குக் கீழே போட்டுக்கொள்கிறார். மேல்காற்று அடிக்கும் நாட்களில் கொட்டகைப் புகை கடல் பக்கம் போகிறது. கடற்காற்று அடிக்கும்போது பாத்திகளின் மேல் தாழ்வாகவே வருகிறது. கீழே பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு மனு கொடுத்தேன், வந்து மண் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதிலிருந்து என்ன வருமென்று பார்க்க வேண்டும்.

கிளியனூர்ப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. வேறு குறை எதுவும் இப்போதைக்குத் தெரியவில்லை, வளர வளரப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். மடியில் போட்டார்கள். என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் அதன் பிடியில் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் வயிற்று வலி இரண்டு மாதத்தில் நின்றது. கோபமும் போயிற்று. மணிக்கட்டு முக்கால்வாசி வந்திருக்கிறது. சீட்டு எழுதுகிறார், எழுத்து மட்டும் முன்போல் இல்லை. ரசம் எவர்சில்வரில் வைக்கிறேன். முதல் முறை வைத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த ருசி இல்ல," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்துவிட்டோம்.

போன மாதம் மறுபரிசோதனைக்குக் குண்டு ஊற்றுகிறவரின் மகளை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். அவள் அப்பாவுக்கு அன்று வேலை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: போன முறை எடுத்த ரத்தத்தில் குறைந்திருக்கிறது, ஆனால் சின்ன வயதிலிருந்து சேர்ந்தது எலும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும், அதை மருந்து எடுக்காது, பல வருஷம் அங்கேயே இருக்கும், அவள் ஒரு நாள் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து அது வெளியே வரலாம். அந்தச் சமயம் முன்கூட்டியே வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். கல்யாணப் பேச்சே எடுக்காத பதினெட்டு வயதுப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்தம் எடுக்க இன்னும் நாலைந்து பேர் முன்னால் இருந்தார்கள்.

"எலும்பைப் பத்திச் சொன்னாங்களா மிஸ்?" என்றாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"நானே படிச்சேன். கால்சியத்துக்கும் ரெண்டு பாசிட்டிவ் சார்ஜ், இதுக்கும் ரெண்டு பாசிட்டிவ். எலும்புக்கு வித்தியாசம் தெரியாது. கால்சியம்னு நெனச்சு எடுத்து வச்சிக்குது." குரலில் ஒன்றுமில்லை, விடைத்தாள் எழுதுகிற மாதிரி சொன்னாள். "குழந்தை உண்டானா வெளிய வரும்னும் படிச்சேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை உருவிக்கொள்ளவில்லை.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ். சட்டி பக்கத்துல என்னை உக்கார வச்சதே அவருதான்னு அழுதிட்டே இருக்காரு. இதுவும் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

செவிலியர் கதவைத் திறந்து அவள் எண்ணைக் கூப்பிட்டார். அவள் சுடிதாரின் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.